வாயைத் திறக்கச் சொல்லி எச்.ஐ.வி. தேட வேண்டாம்: எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு

ஒரு நூற்பாலை விடுதியில் பெண் தொழிலாளர்களின் தோலையும் நாக்கையும் பார்த்து, எச்.ஐ.வி. இருக்கலாம் என்று சந்தேகித்தவர்களின் பெயர்ப் பட்டியல் போட்டு, சோதனைக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே பயன்படுத்திய ‘அறிகுறி அட்டை’யை மற்ற விடுதிகளுக்கும் கொடுக்கலாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் நிர்வாகக் குழு எடுத்த முடிவு: இப்போதுள்ள வடிவத்தில் அந்த அட்டையைக் கொடுக்கக் கூடாது.

அட்டையில் இரண்டு படங்கள். ஒன்று கழுத்திலும் தொடையிலும் சீழ்க்கொப்புளம், மற்றொன்று நாக்கில் வெள்ளைப் படலம். எது இருந்தாலும் ‘சந்தேகத்துக்குரியவர்’. புழுக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களில் இதிலிருந்து யார் தப்புவார்கள்? மயிர்க்காலில் வரும் கொப்புளம் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற சாதாரண பாக்டீரியாவால் வருவது. வேர்வை, இறுக்கமான உடை, சவரம் எல்லாம் அதற்குத் துணை. முதுகிலும் மார்பிலும் ஒரே அளவில், அரிப்போடு வந்தால் மலசேசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆண்டிபயாடிக் கேட்காது. எச்.ஐ.வி.யோடு சேர்த்துப் பேசப்படும் இயோசினோஃபிலிக் வகை ஒன்று உண்டு, மறுக்கவில்லை. தோல் துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதிசெய்ய வேண்டியதை விடுதிக் காப்பாளர் டார்ச் அடித்துக் கண்டுபிடித்துவிடுவாரா?

நாக்கு விஷயம் இன்னும் மோசம். வழித்தால் வந்துவிடுகிற, அடியில் சிவந்திருக்கிற வெள்ளைப் படலம் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. சர்க்கரை நோய், ஆண்டிபயாடிக், பல்செட் என்று அதற்குக் காரணங்கள் பல. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டாலும் வரும். பஞ்சுத் தூசியால் இளைப்பு வந்து இன்ஹேலர் பிடித்த பெண்ணின் நாக்கைப் பார்த்துவிட்டு, அவள் யாரோடு பேசுகிறாள் என்று விசாரித்திருக்கிறார்கள். தூசியை யார் கொடுத்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டுக்கு அட்டையில் இடமே இல்லை. புகையிலை, பாக்கு போடுகிறவருக்கு அது புற்றுநோயின் முன்னோடியாக இருக்கலாம். உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டியவர் அவர். இந்த அட்டையின்படி ரத்தச் சோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் அவர் மறுபடி ஷிப்டுக்குப் போய்விடுவார்.

எச்.ஐ.வி. உள்ள பலருக்குப் பல ஆண்டுகள் வெளியே எந்த அடையாளமும் தெரியாது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

இனி ஒப்புதல். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது என்கிறது 5ஆவது பிரிவு. வேலை கொடுப்பதற்கு அந்தச் சோதனையை நிபந்தனையாக்கவும் கூடாது. 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். ‘கையெழுத்து வாங்கிவிட்டோம்’ என்கிறார்கள். வரிசையில் நிறுத்தி, காப்பாளர் பக்கத்தில் நிற்க, ‘போடாவிட்டால் ஊருக்கு டிக்கெட்’ என்று சொல்லி வாங்கியதற்குப் பெயர் சம்மதமா? பெயர்ப் பட்டியலைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்த பிறகு ‘ரகசியம் காக்கப்படும்’ என்று அறிவிப்பு ஒட்டியவர்களுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? ஒரு பெண் ஊருக்குப் போவதற்கு முன்பே அவளைப் பற்றிய பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சோதனை முடிவு எப்படி வந்தால் என்ன? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல், சென்னையில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் முகத்தைப் பார்த்து முத்திரை குத்துகிறோம்.

தோல், வாய் நோய்களை முன்கூட்டியே கண்டறிவதைக் கொள்கை அளவில் நாங்கள் எதிர்க்கவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் தனி அறையில் பார்த்து, தேவைப்படுமெனில் மருத்துவரிடம் அனுப்புவதை, உரிய பாதுகாப்புகளுடன், வரவேற்கலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. எச்.ஐ.வி. சோதனையை மருத்துவர் பரிந்துரைக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்க வேண்டும். பயிற்சிச் செலவு குறித்துத் தனியாக எழுதுவோம்.

விடுதிகளில் எந்த வடிவிலும் உடல் சோதனையே கூடாது என்று குழுவில் மூவர் வலியுறுத்தினார்கள். அவர்களுடைய மாற்றுக் கருத்து இந்த அறிக்கையின் பகுதியாகப் பதிவு செய்யப்படுகிறது.

பட்டியலில் பெயர் வந்தவர்கள் எங்கள் கிளைகளில் யாரையும் அணுகலாம். விரும்பினால் மட்டும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம்; 1097 எண்ணிலும் பேசலாம். பட்டியலின் பிரதி கையில் இருப்பவர்கள் அதை யாருக்கும் அனுப்பாமல் மாவட்டக் கிளையிடம் ஒப்படைக்க வேண்டும்.