தாம்பரத்துக்கு முகம் உண்டு

தாம்பரம் என்பது சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் படுத்து எழும் இடம், அதற்கென்று அடையாளம் கிடையாது, மாநகராட்சி பார்த்து ஏதாவது உண்டாக்கித் தரவேண்டும். படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். மெரினாவில் ‘நம்ம சென்னை’ எழுத்துகள் நின்றபிறகு எல்லா ஊருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. ஊர்ப்பெயரை வண்ண விளக்கில் எழுதி, மேம்பாலத் தூணில் ஓவியம் தீட்டி, ஒரு நீரூற்றும் வைத்தால் போதும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஏற்கெனவே இருக்கும் முகத்தை அது பார்க்கவிடாமல் செய்கிறது.

அந்த முகத்தைக் காணப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய டிரங்க் ரோடு ஓரம் தார்ப்பாய் விரித்து, இடித்த வீட்டின் தேக்குக் கதவு, மிக்ஸி ஜார், தையல் மெஷின், பிளாஸ்டிக் பையில் கப்பி மீன், ரோஜாச் செடி என்று என்னென்னவோ கிடக்கும். பழைய மோட்டாரைப் பிரித்துக் காயிலைச் சுரண்டி, செம்பா அலுமினியமா என்று பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். இருநூறு ஆண்டுப் பழமையானதாகச் சொல்லப்படும் சந்தை இது. ஆனால் சந்தை என்றாலே ‘நெரிசல், எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். நெரிசல் இருக்கிறது. அதற்கு வண்டி நிறுத்த இடம் கொடுங்கள், நிழல் கொடுங்கள், பெண்கள் போகக் கழிப்பறை கட்டுங்கள்.

தாம்பரம் சானடோரியத்துக்கு 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை முகம் கொடுத்தது, குரோம்பேட்டைக்குத் தோல் தொழிற்சாலை. சிட்லபாக்கத்துக்கு ஏரி. குப்பையும் சாக்கடையும் சேர்ந்த அந்த ஏரியில் 2019இல் இறங்கி வேலை செய்தவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். அந்த ஆண்டே அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. கரையில் இறங்கியவர்களுக்கு அது ‘எங்க ஏரி’. எந்த ஆலோசனை நிறுவனத்தாலும் அந்த உரிமையை வரைந்து கொடுக்க முடியாது. அனகாபுத்தூரில் வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். அந்த ஊர் எல்லையில் அலங்கார வளைவு எழுப்பும் காசை முதலில் தறிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த ஊர்கள் அடங்கிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பத்து ஊருக்கும் ஒரே மாதிரிப் பூங்கா, ஒரே மாதிரிப் பலகை என்றால் பத்தும் அழியும். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எந்த அழகுபடுத்தும் வேலைக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அதன் வரைபடத்தை அந்தச் சபைகளில் விரிக்க வேண்டும். சந்தைக் கடைக்காரரும் நெசவாளரும் பேச வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வேலையைக் கைவிட வேண்டும்.