வாளித் தண்ணீரும் வங்கக் கடலும்

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. எனக்கு வயது பதினேழு. நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில்கூட ஒருநாளும் நின்றதில்லை.

உம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கிழக்குக் கரையில் கடல் என்ன செய்தது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். சாச்சியை அன்று இழந்தார். நான் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டில் கடலுக்குப் பயம் குடிவந்துவிட்டது. "கடல் பக்கம் போகாத!" எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்புக் கல்வி அந்த ஒரு வரிதான்.

ஆனால் என் தம்பியின் உயிர் போகப் பார்த்தது கடலில் அல்ல, கிணற்றடி வாளியில்.

நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள். அடுப்படியில் வட்டிலப்பம் அவிகிறது. வீட்டில் ஒன்பது பேர். இரண்டரை வயதுத் தம்பியை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒன்பது பேருமே நினைத்தோம். நான் கையில் போனோடு இருந்தேன். கோப்பை கழுவத் தற்செயலாக வெளியே போனபோது, உடுப்பு ஊறப்போட்ட பெரிய வாளிக்குள் அவனுடைய தலை, கால்கள் மேலே. சத்தமே இல்லை. இழுத்தெடுத்தேன். இருமினான், பிறகு அழுதான். அந்த அழுகையைப்போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

நீரில் மூழ்குபவர் கையை வீசிக் கூக்குரலிடுவார் என்பது சினிமா. மூச்சுக்கே வழியில்லாதவர் எப்படிக் கத்துவது? சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். குப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. ஒரு சாண் தண்ணீர் போதும்.

பெற்றோர்களே, சின்னஞ்சிறுசுகளுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அந்தப் பாடம் நமக்குத்தான். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கிணற்றை வலையால் மூடுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் இன்னார்தான் பார்க்கிறார் என்று ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். அவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கட்டும், போன் இல்லாமல்.

பாடசாலை வயது வந்த பிள்ளைக்கு "போகாதே" மட்டும் போதாது. மல்லாந்து மிதக்கப் பழக்க வேண்டும். கூட்டாளி மூழ்கினால் பின்னால் பாயாமல் கயிறோ வெறும் பிளாஸ்டிக் கேனோ எறியவும், பெரியவர்களைக் கூப்பிடவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போன கதை எந்த ஊரில் இல்லை?

ஆண்பிள்ளைகள் வாப்பாவுக்குத் தெரியாமலாவது குளத்தில் பழகிவிடுகிறார்கள். எங்களுக்கு யார்? நாம் தண்ணீரைத் தேடிப் போகாவிட்டாலும் அது நம்மைத் தேடி வருகிறது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகள் விளையாடப் போனவர்கள் அல்லர். பாடசாலைக்குப் போனவர்கள், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பியவர்கள். நீச்சல் தெரிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வேகத்தில் நல்ல நீச்சல்காரரும் தடுமாறுவார். என்றாலும் ஒன்றுமே தெரியாமல் தண்ணீருக்குள் விழுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பர்தாவைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு வார்த்தை. மறைவான இடமும் பெண் பயிற்றுநரும் உடல் மறைக்கும் நீச்சலுடையும் நடக்காத காரியங்களா? நீச்சல் பழகுவது வீண் விளையாட்டில் சேராது என்று நபிமொழியில் வருகிறதே. மூன்று ரியூசனுக்குப் பணம் கட்டும் நாம் இதற்கு மட்டும் நேரமில்லை என்கிறோம்.

உம்மா இன்னும் கடற்கரைக்கு வருவதில்லை. ஆனால் கடல் அமைதியான மாதங்களில், அஸருக்குப் பிறகு, எங்கள் இருவரையும் வாப்பாவோடு விடுகிறார். கணுக்கால் தண்ணீர் மட்டும், தம்பியின் கை என் கைக்குள். கிணற்றடியில் வாளிகள் கவிழ்ந்தே கிடக்கின்றன. இப்போது அதைக் கவிழ்ப்பது தம்பியின் வேலை. நான் மறந்துவிட்டால், "ராத்தா, வாளி!" என்று கத்துகிறான்.