நாற்காலி கொடுத்தாயிற்று, பிறகு?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ம் தேதி அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாள் கடைபிடிக்கப்படுகிறது. 1992ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொது அவை அறிவித்த நாள் இது. நம் பங்குகளிலும் அந்நாளையொட்டியோ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சற்று முன்னரோ வறியோருக்கு உதவி வழங்கும் நிகழ்வுகள் நடைபெறுகின்றன. அரிசி, சேலை, தையல் இயந்திரம் இவற்றோடு சக்கர நாற்காலியும் பல இடங்களில் கொடுக்கப்படுகிறது. பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாத நாற்காலி, நடுவில் அதைப் பெறுபவர், பின்னால் நன்கொடையாளரும் பங்குத்தந்தையும் அன்பியப் பொறுப்பாளர்களும். ஒரு புகைப்படம். நல்ல மனதோடு செய்யப்படும் உதவி அது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த நாற்காலி வீடு போய்ச் சேர்ந்த பின் என்ன ஆகிறது என்று நாம் விசாரிப்பதில்லை. சில வீடுகளில் அது துணி காயப்போடும் இடமாகிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. வேறு சில வீடுகளில், அதில் அமர்பவரின் உடலையே அது கெடுக்கத் தொடங்குகிறது.

கொடுத்த உதவி எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கத் தோன்றும். முதலில் புண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாம் ஒரு மணி நேரம் மறையுரை கேட்டு உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே எத்தனை முறை அசைகிறோம்! உட்காரும் இடத்தில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளுக்கும் நாற்காலிக்கும் இடையே தோலும் சதையும் நசுங்குகின்றன. அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது, வலி எடுக்கிறது, உடனே உடல் தானாக நகர்ந்துகொள்கிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலி தெரியாது. தென்னை மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த ஓர் இளைஞர், பஞ்சு இல்லாத வெறும் ரெக்சின் இருக்கையில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் தோல் சிவந்திருக்கும். அதை யாரும் பார்க்காவிட்டால் சில நாட்களில் தோல் உடைந்து புண்ணாகும். வெளியே ஒரு ரூபாய் காசளவு தெரியும் புண், உள்ளே எலும்பு வரை குழியாக இருக்கக்கூடும். படுக்கைப் புண் என்று நாம் சொல்வது உட்கார்ந்தே இருப்பவருக்கும் வரும். ஆறுவதற்கு மாதக் கணக்கில் கவிழ்ந்து படுத்திருக்கவேண்டும். ஆறாமல் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

பணமும் பராமரிப்பும் இருந்தவர்களைக்கூட இந்தப் புண் விட்டதில்லை. சூப்பர்மேன் திரைப்படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1995ம் ஆண்டு குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004ம் ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தபோது வயது 52. இத்தகைய ஒரு புண்ணில் ஏற்பட்ட கிருமித் தொற்றுக்கு அப்போது அவர் சிகிச்சை பெற்றுவந்தார். எல்லா வசதியும் இருந்த அவருக்கே அந்நிலை என்றால், நம் ஊரில் ஓலைக்கூரைக்குக் கீழே இருப்பவருக்கு நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

இனி, நாம் வழக்கமாக வாங்கிக் கொடுக்கும் நாற்காலியைப் பார்ப்போம். மருந்துக் கடைகளிலும் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளிலும் ஏழெட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்கு நாற்காலி அது. மருத்துவமனையில் நோயாளியை வாசலிலிருந்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று உருவானது. பின்னால் ஒருவர் தள்ளுவார், அரை மணி நேரத்தில் நோயாளி கட்டிலுக்குப் போய்விடுவார் என்பதே அதன் கணக்கு. நாள் முழுவதும் அதில் வாழ்வதற்கு அது செய்யப்படவில்லை. இருக்கையின் அகலம் பெரும்பாலும் 18 அங்குலம். மெலிந்த உடல்வாகு உள்ளவர் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார், நாளடைவில் முதுகெலும்பும் வளையும். தொட்டில்போல் தொய்யும் இருக்கை தொடைகளை உள்நோக்கித் தள்ளுகிறது. கால் வைக்கும் பலகை உயரமாக இருந்தால் முழங்கால் மேலேறி, உடல் பாரமெல்லாம் உட்காரும் எலும்பில் இறங்குகிறது. தாழ்ந்திருந்தால் கால் தொங்கி, உடல் முன்னால் சறுக்குகிறது. சக்கரம் மிகவும் பின்னால் இருப்பதால், தானே தள்ள முயல்பவர் கையைப் பின்னுக்கு இழுத்து இழுத்துத் தோள் வலியை வாங்கிக்கொள்கிறார். கால் இழந்தவருக்குத் தோளும் போய்விட்டால் என்ன மிச்சம்?

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கொடியது. மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுக் குழந்தையைப் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார வைத்து, இருபக்கமும் தலையணை செருகி, சேலைத் துணியால் கட்டி வைத்திருக்கும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். அத்தாயின் அன்பில் குறையில்லை. ஆனால் தலை பின்னால் சாய்ந்த நிலையில் ஊட்டப்படும் கஞ்சி, உணவுக் குழாய்க்குப் பதிலாக மூச்சுக் குழாய்க்குள் போகலாம். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று அக்குழந்தை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுவதற்குக் காரணம் அந்த நாற்காலியாகவும் இருக்கலாம். நிமிர்ந்து, தலைக்கும் இடுப்புக்கும் தாங்கல் கொடுத்து உட்கார வைத்தால், அதே குழந்தை கையை நீட்டிப் பொருளை எடுக்கிறது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறது, பள்ளிக்குப் போகிறது.

இன்னொன்றை யாரும் வெளியில் சொல்வதில்லை, குறிப்பாகப் பெண்கள். நாற்காலி கழிப்பறைக் கதவுக்குள் நுழையாவிட்டால் அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். மகனோ கணவரோ வீடு திரும்பும்வரை ஒரு தம்ளர் தண்ணீரோடு பகலைக் கடத்துவார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் வருவது இப்படித்தான். நாற்காலி வாங்குமுன் அவர் வீட்டுக் கதவை ஓர் அளவுநாடாவால் அளந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் உலக நலவாழ்வு நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. வசதி குறைந்த நாடுகளில் கையால் இயக்கும் சக்கர நாற்காலிகளை எப்படி வழங்கவேண்டும் என்ற வழிகாட்டியை அது 2008ம் ஆண்டு வெளியிட்டது. ஒருவர் பரிந்துரைக்கப்பட்டு வருவது முதல், அவரது உடலையும் வீட்டையும் தொழிலையும் அறிவது, ஏற்ற நாற்காலியைத் தேர்வது, பணத்துக்கு வழி செய்வது, அதைத் தயார் செய்வது, அமர வைத்துச் சரிபார்ப்பது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பின்னர் தொடர்ந்து கவனித்துப் பழுது நீக்குவது வரை எட்டுப் படிகளை அது குறிப்பிட்டது. 2023ம் ஆண்டு புதிய வழிகாட்டியும் வந்தது. உலகில் 8 கோடிப் பேருக்குச் சக்கர நாற்காலி தேவை என்றும், அவர்கள் வாழும் இடத்தைப் பொறுத்து 5 முதல் 35 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்றும் அந்நிறுவனம் அப்போது கூறியது. நாம் பங்கில் செய்வது எட்டுப் படிகளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான் தேறும்.

எட்டுப் படியெல்லாம் பணக்கார நாடுகளுக்கு, நமக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கலாம். நம் அருகிலேயே, வேலூரில், இதற்குப் பதில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ம் ஆண்டு ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். தொழுநோயாளரின் முடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்வதில் பெயர்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, அவர் அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பின்னர் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966ம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986ல் காலமானார். அறுவைச் சிகிச்சை மேசைக்கு அருகில் அவரை நிறுத்தியது நாற்காலி மட்டுமா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், உடலைக் காத்துக்கொள்வதையும் அவருக்குக் கற்பித்தவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்றுதான் அவர் அம்மையத்துக்காக உழைத்தார்.

நம் அனைவருக்கும் பழக்கமான இன்னொரு காட்சி. 2022ம் ஆண்டு மே 5ம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் முதன்முறையாகப் பொதுநிகழ்வு ஒன்றுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். முழங்கால் வலியே காரணம். அதன்பின் கனடாவுக்கும், 2023ல் காங்கோவுக்கும் தென் சூடானுக்கும் அவர் சக்கர நாற்காலியோடுதான் பயணம் செய்தார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேரும்வரை அந்த நாற்காலி அவரை நம்மிடையே கொண்டுவந்தது. நாற்காலியில் போவதை வெட்கமாக நினைத்து வீட்டுக்குள்ளேயே முடங்கிய முதியோருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருத்தந்தையின் காலில் உணர்வு இருந்தது, தள்ளுவதற்கு ஆள் இருந்தார்கள், பகல் முழுவதும் அதிலேயே அவர் இருக்கவேண்டியதில்லை. அவருக்குப் பொருந்திய நாற்காலி, மரத்திலிருந்து விழுந்த நம் இளைஞருக்குப் பொருந்தாது. வாரம் ஒருமுறை ஞாயிறு திருப்பலிக்கு வரும் பாட்டிக்கு ஏழெட்டாயிரம் ரூபாய் மடக்கு நாற்காலியே தாராளமாகப் போதும். ஆளுக்கு ஆள் தேவை வேறு என்பதால்தான் முதலில் கேட்கச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2011ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களில் சுமார் 54 இலட்சம் பேருக்கு நடமாடுவதில் குறைபாடு. 1981ம் ஆண்டு முதல் மத்திய அரசு உதவிக் கருவிகள் வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. தமிழகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் வழியாகவும் நாற்காலிகள் கிடைக்கின்றன. 2016ம் ஆண்டு சட்டம் இவற்றை உரிமை என்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையம் உருவாக்கிய 'நியோஃபிளை' என்ற நாற்காலி, பயன்படுத்துபவரின் உடலளவுக்கேற்பச் செய்துதரப்படுகிறது. அறிமுகமானபோது அதன் விலை சுமார் 40 ஆயிரம் ரூபாய். இங்கேதான் பங்குகளுக்குத் தர்மசங்கடம். அதே பணத்தில் மடக்கு நாற்காலி ஐந்து வாங்கலாம், ஐந்து குடும்பம் மகிழும், நிதி கொடுத்தவர்களுக்கும் திருப்தி. ஒருவருக்கே ஏன் இவ்வளவு என்ற முணுமுணுப்பும் எழும். நாள் முழுவதும் நாற்காலியிலேயே வாழும் ஒருவர் வேலைக்குப் போகும் நிலையில் இருந்தால், அந்த ஒருவருக்கே கொடுத்துவிடுவது நல்லது என்பேன். ஐந்து நாற்காலி கொடுத்து, இரண்டு பேருக்குப் புண் வந்து, அதற்கு மருத்துவச் செலவுக்கு மறுபடியும் உண்டியல் குலுக்குவதைவிட இது சிக்கனமும்கூட.

யோவான் நற்செய்தி 5ம் பிரிவில் பெத்சதா குளத்தருகே கிடந்த, 38 ஆண்டுகளாக உடல்நலமற்றிருந்தவரை நாம் அறிவோம். அவருக்குப் படுக்கை இருந்தது. குளமும் பக்கத்திலேயே இருந்தது. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவர் சொன்ன குறை. இயேசுவோ அவருக்கு எதுவும் செய்வதற்கு முன்னர், நலம்பெற விருப்பமா என்று அவரிடமே கேட்கிறார்.

பங்கில் பெரிய நிபுணர்கள் தேவையில்லை. புற்றுநோயோ பக்கவாதமோ வந்தவரை நாம் சந்திக்கப் போவதில்லையா, அதுபோல வின்சென்ட் தே பவுல் சபையினரோ அன்பியத்தாரோ இருவர் முதலில் வீட்டுக்குப் போகட்டும். எங்கே போக ஆசைப்படுகிறீர்கள் என்று அவரையே கேட்கட்டும், அம்மாவை அல்ல. வாசல், கழிப்பறைக் கதவு, தெருமண் எல்லாவற்றையும் பார்க்கட்டும். மணல் தெருவில் சின்ன முன்சக்கரம் புதைந்துபோகும். பிறகு அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடமோ, மாவட்ட அலுவலகத்திடமோ அவரை அழைத்துப்போய் அளவெடுக்கச் செய்யட்டும். குஷனுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கட்டும். நாற்காலியைவிடக் குஷன்தான் சீக்கிரம் அமுங்கிப்போகும். பஞ்சரும் பேரிங்கும் பார்க்கத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் நம் பங்கிலேயே இருப்பார், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

நம் ஆலயத்தையும் அளக்கவேண்டும். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆறங்குலப் படி மூன்று இருந்தால் 18 அடி நீளம் வேண்டும். பல ஆலயங்களில் அது ஐந்தாறு அடியில் முடிந்து, பலகைச் சறுக்குபோல நிற்கிறது. அதில் நான்கு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஒருவரைத் திருப்பலிக்குக் கொண்டுவருகிறோம். தூக்கிவரப்படுவது அவருக்கு எப்படி இருக்கும் என்பதை, ஒருமுறை அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

நாற்காலி கொடுத்த ஒரு மாதத்தில் யாராவது மறுபடி அவ்வீட்டுக்குப் போகட்டும். இரவில் உட்காரும் இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறாரா, அழுத்தினால் வெளுக்காத சிவப்பு ஏதும் இருக்கிறதா, கைகளை ஊன்றி அவ்வப்போது உடலைத் தூக்கிக்கொள்கிறாரா, தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா, பிரேக் பிடிக்கிறதா, இந்த வாரம் எங்கே போய்வந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஆறாம் மாதத்தில் இன்னொரு முறை.