பருந்துக்கு நாம் இட்ட விருந்து

லங்காவிச் சுற்றுலாவைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழாசிரியை கேட்டபோது, "இயற்கை அன்னையின் எழிலே எழில்" என்று தொடங்கி இரண்டு பக்கத்தை நிரப்பிவிடலாம் என்றுதான் ஐந்தாம் படிவ மாணவியராகிய நாங்கள் ஐவரும் எண்ணினோம். எழுத அமர்ந்த அன்று மாலையே எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. கடலைப் பற்றியோ குகையைப் பற்றியோ அன்று. கோழித் தோலைப் பற்றி! அந்த வாக்குவாதம் மூன்று நாள் நீடித்தது. ஆகையால் எழிலைச் சற்றே ஒதுக்கிவைத்து, எங்கள் கருத்தைச் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் முன்வைக்கத் துணிந்தோம்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விடியுமுன் பேருந்தில் புறப்பட்டு, கோலா கெடாவில் ஃபெரி ஏறி, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் குவா பட்டணத்தில் இறங்கினோம். (ஃபெரியில் வாந்தி எடுத்தவர்கள் யார் யார் என்பது இங்கே தேவையில்லை.) கரையில் நம்மை முதலில் வரவேற்பது 12 மீட்டர் உயரமுள்ள ஒரு கழுகுச் சிலை. 'ஹெலாங்' என்றால் மலாய் மொழியில் கழுகு. 'காவி' என்றால் செம்பழுப்பு நிறம். இரண்டும் சேர்ந்தே லங்காவி ஆயிற்று என்று அங்குள்ளோர் சொல்லுகின்றனர். காவி என்றதும் எங்களுக்கு நம்முடைய காவி நினைவுக்கு வந்தது. கெடாவைக் கடாரம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தவர்கள் அல்லவா நாம்!

மறுநாள் காலையில் கிலிம் ஆற்றுத்துறையிலிருந்து படகேறினோம். ஒரு படகுக்கு எட்டுப் பேர். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தாயிற்றா என்று சிஸ்டர் இருமுறை எண்ணிப் பார்த்த பிறகே படகு நகர்ந்தது. படகோட்டியே எங்களுக்கு வழிகாட்டியுமாவார். நாங்கள் அவரைப் 'பாக்சிக்' என்று அழைத்தோம். அவர் எங்களை 'அடிக்' என்றார்.

கிலிம் ஆற்றின் இருகரையிலும் சதுப்புநிலக் காடு. கண்டல் மரங்கள் தம் வேர்களை முக்காலி போல் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னே, செங்குத்தாக, சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புக்கல் குன்றுகள். சில குன்றுகள் ஆற்றிலிருந்து கடலுக்குள் இறங்கித் தீவுகளாகவே நின்றுவிட்டன. அந்தக் கல் 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியதே இந்தக் கல் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். படித்ததைக் கையால் தொட்டுப் பார்ப்பது வேறு அனுபவம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் பிளவுக்குள் இறங்கிக் கல்லைத் தின்றுகொண்டே போகிறது. நம் பெருமழைக்கும் கடல் அலைக்கும் நடுவே நிற்கும் இந்தக் குன்றுகள் இப்படித்தான் குடையப்பட்டுக் குகைகளாயின. இதையெல்லாம் காக்கும் பொருட்டே 2007-ஆம் ஆண்டில் லங்காவி யுனெஸ்கோவின் ஆதரவில் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் முதலாவது இதுதான்.

வௌவால் குகைக்குள் பலகைப் பாதை இருக்கிறது. ஓரிடத்தில் குனிந்துதான் போகவேண்டும். உயரமான எங்கள் தோழி ஒருத்தி தலையில் இடித்துக்கொண்டாள். கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குகின்றன. ஒரு விழுது விரலளவு வளர்வதற்குள் பல தலைமுறைகள் கடந்துவிடும். சுவரில் சிப்பிகள் ஒட்டிக் கிடக்கின்றன. கடல் இன்றுள்ளதைவிட உயரமாக இருந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தின் அடையாளம் அவை. மேலே கருஞ்சிறு மூட்டைகள் போல் வௌவால்கள். இங்கேதான் பாக்சிக் எங்களைக் கண்டித்தார். "அடிக், அவற்றின் மேல் விளக்கு அடிக்காதீர்கள். சத்தமும் வேண்டாம். அவை பகலில் தூங்குகிறவை, அவற்றைக் கலைத்தால் பாவம்" என்றார். நாற்பது பெண்கள் வாயைத் திறவாமல் ஒரு குகையைக் கடந்தோம் என்றால் எங்கள் வகுப்பாசிரியை நம்பமாட்டார். ஆனால் உண்மை அதுவே. அந்த ஒரு சொல் எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில் நடந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆறு அகன்று விரியும் ஓரிடத்தில் பல படகுகள் வட்டமிட்டு நின்றன. எங்கள் படகும் அங்கே சேர்ந்தது. பாக்சிக் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் திறந்தார். உள்ளே கோழித் தோலும் குடலும். அவர் அதை அள்ளி நீரில் வீசிவிட்டு, இயந்திரத்தை முடுக்கிப் படகை ஒரு சுற்றுச் சுற்றினார். கலங்கிய நீரில் தோல்துண்டுகள் வெள்ளையாக மிதந்தன. மரங்களிலிருந்து பருந்துகள் இறங்கின. முதலில் இரண்டு, பிறகு பத்து, பிறகு எண்ணமுடியவில்லை. வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்து, அதாவது நம் வீட்டுப் பாட்டிமார் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன், எங்கள் தலைக்கு மேலே வந்து நீரைத் தொட்டும் தொடாமலும் தோலைக் கவ்விக்கொண்டு போயிற்று. வெண்வயிற்றுக் கடற்கழுகுகளும் வந்தன. நாங்கள் கூச்சலிட்டோம், கைதட்டினோம், படம் எடுத்தோம். எங்களில் ஒருத்தி தானும் ஒரு துண்டை வீசவேண்டும் என்று கெஞ்சினாள். மறைக்க வேண்டியதில்லை, அன்றைய பொழுதில் எங்களுக்கு மிகவும் இன்பமளித்தது அந்தப் பத்து நிமிடமே.

எங்களோடு வந்த சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. "குகைக்குள் தூக்கத்தைக் கலைக்காதே என்றவர் வெளியே வந்து என்ன செய்கிறார்?" என்று மெல்லக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்த பிறகு நூலகத்திலும் செய்தித்தாள்களிலும் தேடினோம். லங்காவியில் கழுகுக்குத் தீனி போடுவதை இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகின்றனர். காரணத்தைச் சிந்தித்தால் நமக்கே விளங்கும். பருந்து மீனைப் பிடித்தால் அதன் சதையோடு எலும்பும் ஈரலும் அதற்குக் கிடைக்கின்றன. அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சுக்கு ஊட்டுகிறது. கோழித் தோலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. வளரும் குஞ்சின் எலும்புக்கு வேண்டியது அதில் ஏது? மீன் பிடிப்பது எளிய வேலையன்று. காற்றையும் நீரையும் நிழலையும் கணித்துப் பாய வேண்டும். நாள்தோறும் வாளி திறக்கும் இடம் தெரிந்துவிட்டால் எந்தப் பறவை அந்தப் பாடு படும்? இளம் பறவை தாயிடம் எதைக் கற்கும்? மீந்த தோலும் குடலும் அந்த நீரிலேயே அழுகுகின்றன. படகுகள் வேகமாகச் சுற்றும்போது எழும் அலை, கண்டல் வேரடியிலுள்ள சேற்றை அரித்துக்கொண்டு போகிறது. காடு இல்லையேல் மீன் குஞ்சுகளுக்கு இடமில்லை. மீன் இல்லையேல் பருந்துக்கு வாளிதான் கதி.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை மூண்டது. எங்களுள் ஒருத்தி கேட்டாள்: "என் பாட்டி தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார். அதுவும் தவறா? நம் முன்னோர் எல்லாரும் பாவிகளா?" இக்கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒருநாள் முழுவதும் இதற்கே போயிற்று. முடிவில் எங்களுக்குத் தோன்றியது இதுதான். காக்கை மனிதரோடு ஊரில் வாழ்கிற பறவை. பாட்டி வைப்பது ஒரு பிடி. அதுவும் தாம் உண்ணும் சோற்றிலிருந்து எடுத்து வைப்பது. காக்கை வந்தாலும் வராவிட்டாலும் அவர் படம் எடுப்பதில்லை, கைதட்டுவதில்லை. நாங்கள் கிலிம் ஆற்றில் செய்தது அப்படியா? பசித்த உயிருக்கு இட்டோமா, எங்கள் கண்ணுக்கு இட்டோமா? பருந்து பசியோடு இருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லையே!

பாக்சிக்கைக் குற்றம் சொல்வது எங்கள் நோக்கமன்று. கரை சேர்ந்ததும் இதைப் பற்றி அவரிடமே கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "நான் முன்பு மீன் பிடித்தவன், அடிக். தோல் போடாவிட்டால் பயணிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பக்கத்துப் படகில் போட்டார்களே, எங்களுக்கு ஏன் இல்லை என்று பணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார். இதைக் கேட்டபின் எங்களுக்குப் பேச்சு எழவில்லை. ஆற்றையும் காட்டையும் நம்பி ஒரு கிராமமே பிழைக்கிறது. காட்டை வெட்டாமல், குன்றை உடைத்துச் சிமெண்டு ஆக்காமல், வருகிறவர்களுக்குக் காட்டியே பிழைப்பது எவ்வளவோ மேலானது. ஆகவே படகே வேண்டாம், யாரும் போகவேண்டாம் என்று சொல்வோருடன் நாங்கள் உடன்படவில்லை. வாளியைத் திறக்கச் செய்வது படகோட்டியின் பேராசை அன்று, பயணியின் அவசரமே. அந்தப் பயணிகள் வேறு யாரோ அல்லர். நாற்பது பேர் நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். திரும்பும் வழியில், ஆற்றுமுகத்தில், இயந்திரத்தை நிறுத்தி எங்களை ஐந்து நிமிடம் மிதக்கவிட்டார் பாக்சிக். எரிபொருள் மிச்சப்படுத்தவோ என்னவோ! அப்போது ஒரு கடற்கழுகு, தனியாக, குன்றின் முகட்டிலிருந்து விலகி வட்டமிட்டது. வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. சிலர் பேச்சில் ஆழ்ந்துவிட்டனர். திடீரென்று இறங்கி, கால்களை முன்னே நீட்டி, நீரைக் கிழித்து, துடிக்கும் மீனோடு எழுந்தது. படம் எவரிடமும் இல்லை. எங்கள் படகில் அதைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். ஆனால் ஊர் திரும்பியபின் அந்த மூவரும்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். வாளிக் காட்சியைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

எனவே எங்கள் கோரிக்கை இது. இனி நம் பள்ளியிலிருந்து கிலிம் செல்லும் மாணவியர், படகேறும் முன்பே, "எங்களுக்குத் தோல் போட வேண்டாம், பாக்சிக்; கூலி அதேதான்" என்று சொல்லிவிட வேண்டும். மிச்சமாகும் அந்தப் பத்து நிமிடத்தில் படகை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கண்டல் வேரடியைப் பார்க்கலாம். அங்கே சேற்றில் தாவும் மீனும், நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் அம்பெய்யும் மீனும் உண்டு. அவற்றுக்கு வாளி தேவையில்லை. கரையிலுள்ள குரங்குகளுக்குப் பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம். (எங்கள் தோழி ஒருத்தியின் மதிய உணவுப் பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போனது. அது பாவம் என்றோம். அவள் அப்படி நினைக்கவில்லை.) பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விடுமுறையில் குடும்பத்தோடு போகும்போது, பிள்ளைகள் "கழுகு, கழுகு" என்று அடம்பிடித்தாலும் நீங்கள் பாக்சிக்கிடம் இதையே சொல்லுங்கள். கூலியைக் குறைக்காமல் சொல்லுங்கள். குறைத்தால், நல்லது செய்தவருக்கு நட்டம் என்றாகிவிடும். மறுநாள் வாளி மீண்டும் வரும்.

எங்கள் ஐவரில் ஒருத்தி இன்னும் முழுமனத்தோடு ஒப்பவில்லை என்பதையும் எழுதச் சொன்னாள். "ஒரு பள்ளிக்கூடம் போடாவிட்டால் நூறு படகு போடும். பருந்துக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" என்பது அவள் கட்சி. அதற்கு எங்களிடம் சரியான விடை இல்லை. ஆயினும் தலைமையாசிரியைக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் அவளும் கையெழுத்திட்டாள். அடுத்த சுற்றுலாவின் விதிமுறைத் தாளில், லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்த வரியாக இதையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம் என்று பதில் வந்துள்ளது.