நீரிலிருந்து எரிபொருளும் புல்மோட்டை மணலும்

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசைகளில் காத்துக்கிடந்ததை இந்நாட்டு மக்கள் இலகுவில் மறந்துவிட முடியாது. அவ்வரிசைகளிலேயே உயிர்நீத்தவர்களும் உளர். வருடம் முழுவதும் வெயிலும் நாற்புறமும் கடலும் வாய்க்கப்பெற்ற ஒரு தீவு, பெற்றோலியத்துக்குப் பிறநாடுகளையே முற்றாக நம்பியிருக்கின்றது. ஆகவே, சூரிய ஒளியால் நீரைப் பிரித்து ஐதரசன் எரிபொருளைப் பெறும் ஆய்வுகள் எமது கவனத்துக்குரியவையாகின்றன.

ஐதரசனைத் தூய எரிபொருள் என்கின்றனர். ஆனால், அது உற்பத்தியாகும் முறை தூய்மையானதல்ல. சர்வதேச சக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, 2023இல் உலகம் பயன்படுத்திய ஐதரசன் சுமார் 9.7 கோடி தொன். அதில் மாசு குறைந்த முறைகளில் பெறப்பட்டது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும், காபனீரொட்சைட்டை வளியில் கலந்தே பெறப்பட்டது.

மாற்றுவழியொன்றை 1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும் காட்டினர். டைட்டேனியம் டயொக்சைட் மீது ஒளி படும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதை அவர்களது ஆய்வு வெளிப்படுத்தியது. ஆயினும் இப்பொருள் புறஊதாக் கதிர்களையே உறிஞ்சுகின்றது. சூரிய ஒளியில் அதன் பங்கு ஐந்து சதவீதமளவே. அத்துடன், ஒளியால் எழும் மின்னேற்றங்கள் நீரைச் சென்றடையுமுன்னரே ஒன்றோடொன்று மீளச் சேர்ந்து வீணாகின்றன. நனோ பொருட்கள் உதவுவது இங்குதான். துணிக்கை மிக நுண்ணியதாகும்போது மின்னேற்றம் கடக்கவேண்டிய தூரம் குறைகின்றது. வினை நிகழும் பரப்பும் பெருகுகின்றது.

முன்னேற்றம் இல்லாமலில்லை. 2021இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 100 சதுர மீற்றர் பரப்பளவான தகடுகளைத் திறந்தவெளியில் இயக்கிக் காட்டினர். ஆனால் கிடைத்த உச்ச வினைத்திறன் 0.76 சதவீதமே. 2023இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நனோ கம்பிகளைக் கொண்டு ஆய்வுகூடத்தில் 9.2 சதவீதத்தையும், வில்லையால் குவிக்கப்பட்ட இயற்கை வெயிலில் 6.2 சதவீதத்தையும் எட்டினர். வர்த்தகப் பயன்பாட்டுக்கு இத்தகைய வினைத்திறன் வருடக்கணக்கில் நீடிக்கவேண்டும்; வெடிக்கக்கூடிய வாயுக் கலவையிலிருந்து ஐதரசனைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்கவும் வேண்டும். எனவே, நாளையே நீரில் வாகனம் ஓடும் என அரசியல் மேடைகளில் எவரேனும் முழங்கினால் மக்கள் அதனை நம்பிவிடலாகாது.

எனினும், இது எமக்குச் சம்பந்தமற்ற விடயமென ஒதுங்கிவிடவும் முடியாது. 1972இல் பயன்பட்ட பொருளிலும் 2021இல் டோக்கியோவில் பயன்பட்ட பொருளிலும் பொதுவாக இருந்தது டைட்டேனியமாகும். அதன் தாதுக்களான இல்மனைட்டும் ரூட்டைலும் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் குவிந்து கிடக்கின்றன. பல தசாப்தங்களாக நாம் அவற்றை மணலாகவே கப்பலேற்றி வந்துள்ளோம். அதன் பெறுமதியைப் பெருக்கி இலாபமடைவோர் பிறரே. மணல் அள்ளப்படும் கரையோரத்தில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வியும் எழுகின்றது.

அறிவுவளம் எம்மிடம் இல்லையென்றும் கூறிவிட முடியாது. நனோ தொழில்நுட்ப ஆய்வுக்கெனத் தனி நிறுவகம் 2008இலேயே இந்நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையினர் டைட்டேனியம் டயொக்சைட்டைப் பயன்படுத்தும் சூரியக் கலங்கள் குறித்து ஆராய்ந்து வந்துள்ளனர். ஆனால் ஆராய்ச்சிக்காக நாடு ஒதுக்கும் நிதியோ மொத்தத் தேசிய உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட நெருங்கவில்லை.

மணலை விற்றுப் பெறும் வருவாயில் ஒரு பங்கையேனும் அம்மணல் பற்றிய ஆய்வுக்கும், அக்கரையோர மக்களின் பிள்ளைகளது விஞ்ஞானக் கல்விக்கும் ஒதுக்குவது அரசாங்கத்தால் இயலாத காரியமல்ல. நெருக்கடி வந்தபின் வரிசையில் நிற்பதிலும், வருமுன் ஆய்வுகூடத்தில் முதலிடுவதே அறிவுடைமை. சம்பந்தப்பட்டோர் இதனைக் காலந்தாழ்த்தாது உணர்ந்து செயற்பட வேண்டும்.