ஒரு நாளைக்கு எத்தனை வேளை?

நுழையும்முன்

திறமை பயிற்சியால் வளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், வளரும் உடலுக்கு எவ்வளவு பயிற்சி தேவை? எந்த எல்லையைத் தாண்டும்போது பயிற்சி சுமையாகிறது? அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார்? ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் சீருடற்பயிற்சி விளையாட்டைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

பத்து சென்டிமீட்டர் அகலம். ஐந்து மீட்டர் நீளம். 125 சென்டிமீட்டர் உயரம். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் பெண்கள் துள்ளியும் சுழன்றும் தம் திறம் காட்டுகின்ற சமநிலைக் கட்டையின் அளவுகள் இவை. அதன்மேல் ஒருமுறை பிழையின்றிச் சுழல்வதற்கு முன், தரையில் எண்ணற்ற முறை சுழன்று பழக வேண்டும். அதனால்தான், பிள்ளையை இவ்விளையாட்டில் சேர்த்த பெற்றோர் விரைவிலேயே ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர். மாலையில் ஒருவேளைப் பயிற்சி போதுமா, காலையிலும் அனுப்ப வேண்டுமா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு நாளுக்கு ஒருவேளைப் பயிற்சியே போதும். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். பிள்ளையின் உடலும் உறக்கமும் விருப்பமும் இடங்கொடுக்கும்போது மட்டுமே இரண்டாம் வேளையைச் சேர்க்கலாம். இக்கருத்திற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வளரும் எலும்பு

சிறுவரின் எலும்பு, பெரியவரின் எலும்பைச் சிறிதாக்கிய வடிவம் அன்று. கை கால்களிலுள்ள நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். வளர்ச்சி முடியும்போதே அப்பகுதி இறுகி முழு எலும்பாகிறது. அதுவரை எலும்பின் ஏனைய பகுதிகளைவிட அது வலிமை குறைந்ததாகவே இருக்கும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் உடலின் எடையைக் கால்கள் தாங்குகின்றன. ஜிம்னாஸ்டிக்ஸிலோ கால்களின் வேலையைக் கைகளும் செய்கின்றன. கையூன்றிப் புரளும்போதும் தாவும்போதும் மணிக்கட்டின்மீது பெரும் விசை தாக்குகிறது. போதிய இடைவெளியின்றி இது தொடர்ந்தால் அங்குள்ள வளர்ச்சித் தட்டு பாதிப்படையும். மருத்துவர்கள் இதற்கு 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே பெயரிட்டுள்ளனர். ஒரு விளையாட்டின் பெயரே ஒரு குறைபாட்டின் பெயராகிவிட்டது எனில், அது எத்துணை பரவலாகக் காணப்பட்டிருக்க வேண்டும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

உடல் திடீரென உயரும் பருவத்தில் இடர் இன்னும் கூடுகிறது. எலும்பு நீளும் வேகத்திற்குத் தசைகளும் தசைநாண்களும் ஈடுகொடுப்பதில்லை. உடலின் ஈர்ப்பு மையமும் இடம் மாறுகிறது. சென்ற ஆண்டு எளிதாக வந்த சுழற்சி இவ்வாண்டு தடுமாறுகிறது. இத்தடுமாற்றத்தைச் சோம்பல் எனத் தவறாகக் கருதிப் பயிற்சி நேரத்தைக் கூட்டுவோர் உண்டு. உண்மையில் பயிற்சியின் சுமையைக் குறைக்க வேண்டிய காலம் அதுவே.

ஓய்வும் பயிற்சியின் பகுதியே

பயிற்சியின்போது தசைகள் களைப்படைகின்றன. அவற்றில் நுண்ணிய சிதைவுகளும் தோன்றுகின்றன. அவை சீராகி முன்னிலும் வலுப்பெறுவது, உணவும் ஓய்வும் கிடைக்கும்போதுதான். பாய்ச்சிய நீரை மண் உறிஞ்சுவதற்கு நேரம் கொடாமல் மீண்டும் மீண்டும் நீர் பாய்ச்சினால் பயிரின் வேர்தான் அழுகும். உடலுக்கும் இது பொருந்தும்.

கற்ற அசைவுகளை மூளை நிலைநிறுத்திக்கொள்வதற்கும் உறக்கம் துணைபுரிகிறது. 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணிநேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு பயிற்சி, பிறகு பள்ளி, மாலையில் மற்றொரு பயிற்சி, இரவில் வீட்டுப்பாடம் என்னும் நாளில் இந்த உறக்கத்திற்கு இடம் எங்கே? களைப்புற்ற உடலால் செய்யப்படும் இரண்டாம் வேளைப் பயிற்சி, பிழையான அசைவையே பழக்கமாக்கிவிடும். பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டையில் ஒரு நொடி கவனம் தவறுவதும் ஆபத்தே.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

"இளமையில் முழுமூச்சாகப் பயிலாவிடில் உயரத்தை எட்ட இயலாது" என்போர் கூற்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் காட்டும் சான்று வலிமையானது. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி முழுமையான 10 புள்ளிகள் பெற்றார். அப்போது அவருக்கு வயது 14. அத்தகைய மதிப்பெண்ணைக் காட்ட வடிவமைக்கப்படாத அறிவிப்புப் பலகை 1.00 எனக் காட்டியது வரலாறு.

ஆனால், அதன்பின் அவ்விளையாட்டே தன் விதியை மாற்றிக்கொண்டது. பெண்கள் பன்னாட்டு மூத்தோர் போட்டிகளில் பங்கேற்பதற்கான குறைந்தபட்ச வயது 1981இல் 15 எனவும், 1997இல் 16 எனவும் உயர்த்தப்பட்டது. பதினோராம் வகுப்பில் பயிலும் உங்கள் வயதே இன்று அவ்விளையாட்டின் நுழைவாயில். எனவே, பத்து வயதுப் பிள்ளையை விரைவுபடுத்துவதால் கிடைக்கும் பயன் முன்போல் இல்லை.

நீண்டகாலம் நிலைத்தவர்களையும் காண்போம். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சூசோவிதினா 1992 முதல் எட்டு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். டோக்கியோவில் களமிறங்கியபோது அவருக்கு வயது 46. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். 0.15 புள்ளியில் வெண்கலம் கைநழுவியபோது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டே முழங்கால் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். பின்னர் மீண்டெழுந்து, 2024ஆம் ஆண்டு ஆசிய வாகையர் போட்டியில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30.

உலகத்தரப் போட்டிக்கு ஆயத்தமாகும் வளர்ந்த வீராங்கனைகள் நாளுக்கு இருவேளை பயில்வது உண்மையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுமை ஏற்றப்பட்டு, வளர்ச்சியும் நிறைவுற்ற உடல் அவர்களுடையது. அவர்களது கால அட்டவணையைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் படியெடுத்துக் கொடுப்பதே பிழை.

அளவுகோல் எது?

சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை வாரத்தில் பெறும் முறையான பயிற்சியின் மணிநேரம், அப்பிள்ளையின் வயதைத் தாண்டாதிருத்தல் நன்று என்பதே அது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு நாளுக்கு இரண்டு மணிநேரம் வீதம் ஆறு நாள் பயிற்சி என்றால் மொத்தம் 12 மணிநேரம். அதுவே இருவேளையானால் 24 மணிநேரம். இந்த அளவுகோல் மீறவே கூடாத சட்டம் அன்று. போட்டிக்குப் பயில்வோர் பலர் இதனைக் கடந்தும் பயில்கின்றனர். எனினும், கடக்கும்போது கூடுதல் கண்காணிப்புத் தேவை என்பதை உணர்த்தும் எச்சரிக்கைக் கோடாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டாம் வேளையைச் சேர்க்க எண்ணுவோர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பிள்ளை போதிய அளவு உறங்குகிறதா? பசித்து உண்கிறதா? மறுநாள் காலையிலும் நீங்காத வலி உண்டா? அண்மையில் விரைவாக உயரம் கூடியுள்ளதா? பாடங்களில் பின்தங்குகிறதா? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரும், இரண்டாம் வேளை குறுகியதாகவும் முதல் வேளையினின்று வேறுபட்டதாகவும் இருத்தல் வேண்டும். காலையில் தாவிக் குதித்த உடலுக்கு மாலையில் நெகிழ்வுப் பயிற்சியோ நடன அசைவுகளோ ஏற்றவை.

யார் முடிவு செய்வது?

பயிற்றுநர் நுட்பம் அறிந்தவர்; பெற்றோர் அன்புடையவர்; மருத்துவர் உடலை அறிந்தவர். ஆயினும், வலியை அறிந்தவர் பயிலும் பிள்ளை ஒருவரே. பிரித்தானியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிச் சூழலை ஆராய்ந்து 2022இல் வெளியான ஒயிட் அறிக்கை, காயத்துடனேயே பயிற்சியைத் தொடரச் செய்யப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பதிவு செய்துள்ளது. "வலிக்கிறது" என்னும் சொல்லை ஒழுங்கின்மையாகக் கருதும் இடத்தில், ஒருவேளைப் பயிற்சியும் தீங்கானதே.

டோக்கியோ ஒலிம்பிக்கின் அணி இறுதிப் போட்டியில், காற்றில் தம் உடலின் திசையுணர்வு தவறுவதை உணர்ந்த அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் போட்டியிலிருந்து விலகினார். பலர் குறைகூறினர். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். தக்க நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் துணிவும் ஒரு திறனே என்பதை அவரது மீள்வருகை மெய்ப்பித்தது.

மாணவர்களே! விளையாட்டோ இசையோ தேர்வுக்கான படிப்போ, நீங்கள் எதில் ஈடுபட்டிருந்தாலும் நேரத்தைக் கூட்டச் சொல்லும் குரல்களைக் கேட்டிருப்பீர்கள். உழைப்பைத் தவிர்ப்பதற்கு உடலைக் காரணம் காட்டுதல் கூடாது. உடல் தரும் உண்மையான எச்சரிக்கையை மறைப்பதும் கூடாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியக் கற்பிப்பதே நல்ல பயிற்சி. "எத்தனை வேளை?" என்று கேட்கும் முன், "நேற்றைய பயிற்சியிலிருந்து உடல் மீண்டுவிட்டதா?" என்று கேட்கப் பழகுவோம். அவ்வினாவுக்கான விடையைப் பிள்ளை அச்சமின்றிச் சொல்ல முடிகின்ற பயிற்சிக்கூடமே நம்பி அனுப்பத்தக்க இடமாகும்.