அம்மா படத்தை நீக்காதே, தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள்.

முந்தாநாள் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது முப்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை பார்த்துத் தன்னை வளர்த்த அம்மாவைப் பற்றித் தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் இருக்கிறான். வீடியோவும் எடுத்தாகிவிட்டது. பணம் போட்டவர் ஒரு நிபந்தனை வைக்கிறாராம். "யூடியூப் தம்ப்நெயில்ல அம்மா வேண்டாம். ஒரு பொண்ண வச்சு நாலு ஷாட் எடுத்துச் சேர்த்துடுவோம். அந்தப் பொண்ணு முகத்தப் போட்டாத்தான் ஆல்பம் சாங்னு ஜனங்களுக்குத் தெரியும்."

"என்ன செய்யட்டும் டீச்சர்?" என்று கேட்டான். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம் போட்டவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்ட் கேசட் கடைகள் நினைவிருக்கிறதா? அம்மன் படம் போட்டிருந்தால் பக்திப் பாட்டு. தம்புராவும் பட்டு ஜரிகையும் தெரிந்தால் கர்நாடக சங்கீதம். எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார்கூட எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டுக் கேசட்டைச் சரியாகக் கைகாட்டி வாங்கிவிடுவார். அட்டைப்படம் ஒரு பெயர்ப்பலகை மாதிரி. வழக்கமான படம் போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே அட்டை நமக்கு இன்னொரு பாடத்தையும் நடத்தியது. சினிமாப் பாட்டுக் கேசட்டின் முன்னால் நாயகனும் நாயகியும் இருப்பார்கள். பாடியவர் பெயரைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். வகுப்பில் "இந்தப் பாட்டு யார் பாடினது?" என்று கேட்டால் பிள்ளைகள் நடிகர் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? டி.எம்.எஸ். தொண்டை வலிக்கப் பாடியதை எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்றுதானே நாமும் சொல்லி வளர்ந்தோம்?

சினிமாவிலாவது கதை இருக்கிறது, நடிகர் வாயசைக்கிறார், சரி. சினிமாவே இல்லாத தனிப்பாட்டுக்கு இது எதற்கு? இன்று வரும் ஆல்பம் பாடல்களில் பாதியைப் பாருங்கள். மெதுவாக நடந்து வரும் பையன், வாடகைக் கார், ஒரு வரிகூடப் பாடாமல் சிரித்துவிட்டுப் போகும் பெண், பின்னால் இருபது பேர் ஆட்டம். சினிமாவை விட்டு வெளியே வந்தவர்கள் சினிமாவின் அட்டையை மட்டும் கையோடு எடுத்து வந்துவிட்டார்கள்.

மாற்றிச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2017இல் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' வீடியோவைப் பாருங்கள். பாடியவர் டி.எம். கிருஷ்ணா, எழுதியவர் கபேர் வாசுகி. கர்நாடக இசை என்றால் சபா மேடை, குத்துவிளக்கு என்பது வழக்கம். இவர்களோ எண்ணூர் கழிமுகத்துக்குப் போய், அனல் மின்நிலையங்கள் பின்னால் தெரிய, சுத்தமான ராகத்தில் சென்னைத் தமிழைப் பாடினார்கள். வித்தியாசம் காட்டுவதற்காக அங்கே போகவில்லை. பாட்டே எண்ணூரைப் பற்றியது. இடத்தைப் பாட்டு கேட்டது, அவ்வளவுதான்.

வித்தியாசம் மட்டும் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011இல் 'கொலவெறி' வந்தபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்போன் மாட்டிச் சும்மா நின்று பாடியதே புதுமையாக இருந்தது. பிறகு என்ன ஆனது? படத்துக்குப் படம் அதே கூடம், அதே ஹெட்போன், அதே சிரிப்பு. உடைத்ததே இன்னொரு அச்சாகிவிட்டது. ஆகவே வழக்கத்தை மீறினாயா என்று நான் கேட்க மாட்டேன். யாருடைய பாட்டோ அவருடைய முகம் அதில் இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. அந்தப் பாட்டியே வீடியோவில் வருகிறார். கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' பாட்டையும் கொண்டாடி அட்டை போட்டது. அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் எழுத்துப் பங்கு உள்ள அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், இன்னும் பலர் கேட்டார்கள். பிறகுதான் அறிவை வைத்து இணைய அட்டை ஒன்று வந்தது. அட்டையில் நின்ற இரண்டு கலைஞர்களையும் நான் குறை சொல்லவில்லை. நிலமில்லாத உழைப்பாளியின் பேரனை, அவன் எழுதிய பாட்டின் அட்டையிலேயே மறக்க முடிகிறதே, அதைச் சொல்கிறேன். கேட்டதால்தான் அது திருந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"அட்டைதானே டீச்சர், உள்ளே பாட்டு அப்படியேதானே இருக்கு" என்று யாராவது சொல்வீர்கள். முப்பத்து நாலு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். பிள்ளை முதலில் படத்தைப் பார்க்கும், அப்புறம்தான் எழுத்தைப் படிக்கும். படத்தில் யார் இல்லையோ அவர் பாடத்திலும் இல்லை என்றே அதன் மனதில் பதியும்.

தம்பி, உனக்கு ஒன்று சொல்கிறேன். அம்மா படத்தை வைத்தால் பாட்டு ஓடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. 'எஞ்சாமி'க்குப் பின்னால் சந்தோஷ் நாராயணன் இருந்தார், உனக்கு அப்படி யாரும் இல்லை. பணம் போட்டவர் கோபித்துக்கொண்டு போகலாம். ஆனால் உப்பு வெயிலில் கண் கூச நின்ற அந்த முகத்தை எடுத்துவிட்டு, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் சிரிப்பை அங்கே வைத்தால், பாட்டில் நீ எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகும். பெயர்ப்பலகை வேண்டுமா? கொட்டை எழுத்தில் பாட்டுப் பெயரைப் போடு. பக்கத்தில் உன் முகத்தையும் போடு. அம்மா நடுவில் இருக்கட்டும்.

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும்போது எழுதியவர், பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இவன் பாட்டு வந்ததும் இங்கே பகிர்கிறேன். தம்ப்நெயிலில் யார் இருக்கிறார் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.